வழக்கொழிந்த தீக்குண்டு

யுத்த தளவாடங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ‘வழக்கொழிந்தது’ என்னும் ஒரு பதத்தை மிகவும் தாராளமாகக் கையாளுகிறார்கள். இன்ன பீரங்கி வழக்கொழிந்தது, இன்ன கப்பல் வழக்கொழிந்தது, இன்ன குண்டு வழக்கொழிந்தது என்று குறித்துவிட்டால் அத்துடன் அதன் கணக்கு தீர்ந்ததென்று அவர்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. மாட்டு வண்டியை மோட்டார் தள்ளியதுபோல ஒரு கருவியை மற்றொரு கருவி தள்ளிற்று. அவ்வளவே விஷயம் என்பது அவர்கள் கருத்து. இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வழக்கொழிவது வேறு; விலக்கப்படுவது வேறு. முன்னதற்குச் சிக்கனமும் சௌகரியமும் போதும். பின்னதற்கு மனச்சாட்சி வேண்டும். தீக்குண்டுகளின் விஷயத்தில் வல்லரசுகள் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாகப் பெயர் வாங்கிக்கொண்டன என்பதே நமது வழக்கு. இதற்குச் சாட்சியாக ஒரே ஒரு குண்டை எடுத்துக்கொள்வோம்.

அந்தக் குண்டின் பெயர் எம்-69. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கர் செய்தது. பார்வைக்கு அதில் பயங்கரம் ஒன்றுமில்லை. சுமார் 3 அங்குலக் குறுக்களவும் 20 அங்குல நீளமும் உள்ள ஆறுபட்டை எஃகுக் குழாய். எடை 6 ராத்தலுக்கு அதிகமில்லை. மற்ற குண்டுகளுக்கு இருப்பதுபோல் இதற்கு வாலில் இறக்கை கிடையாது. அதற்குப் பதிலாகத் துணி நாடாக்கள் தொங்கும். இப்படிப்பட்ட 38 குழாய்களை ஒரே கட்டாகக் கட்டி விமானத்திலிருந்து போடுவார்கள். தரைக்குச் சுமார் 2,000 அடி உயரத்தில் கட்டு அவிழ்ந்து, குழாய்கள் சிதறி, துணி நாடா காற்றைப் பிடிக்க, வேகம் தணிந்து இறங்கும். கூரையைத் துளைப்பதற்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவே வேகம். உள்ளே விழுந்த குழாய் மூன்று முதல் ஐந்து விநாடி சும்மா கிடக்கும். பிறகு அதிலுள்ள சிறு மருந்து வெடித்து, நேபாம் என்னும் கூழெரிபொருள் நிறைந்த துணிப் பையைப் பக்கவாட்டில் 100 அடி தூரம் வரையில் வீசி எறியும். அந்தக் கூழ் எந்தச் சுவரில் ஒட்டுகிறதோ அந்தச் சுவர் எரியும்; மனித உடம்பில் ஒட்டினால் உடம்பு எரியும். வெடித்துக் கொல்வது இந்தக் குண்டின் தொழிலன்று. குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து நெருப்பு மூட்டுவதே இதன் தொழில். கோட்டைக்கும் கப்பலுக்கும் இது உதவாது என்பதை இதைச் செய்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

நேபாம் பிறந்த கதையையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் தானாக எரிந்தால் வீணாகப் பாய்ந்து அணைந்துவிடும். அதைக் கூழாக்கினால்தான் ஒட்டிக்கொண்டு நின்று எரியும். முதலில் இதற்கு ரப்பரைக் கலந்து பார்த்தார்கள். 1942-ம் வருஷத் தொடக்கத்தில் மலேயாவை ஜப்பான் பிடித்துக்கொண்டதும் ரப்பர் வரத்து நின்றுபோயிற்று. நம் தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் வெட்டிய அதே தோட்டங்களின் ரப்பர்தான். மாற்றுப் பொருள் தேடிய ஹார்வர்டு சர்வகலாசாலையின் ரசாயன நிபுணர் லூயி பீஸர், அலுமினியச் சோப்புகளைப் பெட்ரோலில் கலந்தால் வேண்டிய கூழ் கிடைப்பதை அதே வருஷத்தில் கண்டுபிடித்தார். அந்தச் சோப்புக்கு வேண்டிய கொழுப்பில் பெரும்பங்கு தேங்காயெண்ணெயிலிருந்து வந்தது. விளக்குக்கும் தலைக்கும் நாம் வார்க்கும் எண்ணெய்க்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டென்பதை மேல்நாட்டு சாஸ்திரம் காட்டியது! சர்வகலாசாலை மைதானத்தில் இந்தக் கூழை வெடித்துப் பரீட்சை பார்த்த தேதி 1942 ஜூலை 4. அமெரிக்கர்களின் சுதந்திர தினம். அந்நிய ஆட்சியை எதிர்த்து மனித உரிமைகளை உலகுக்குப் பறைசாற்றிய நாளில் இப்பரீட்சை நடந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தேதியை மறக்க நம்மால் முடியவில்லை.

குண்டு தயாரானதும் அதை எதன்மேல் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தது. இதற்கு அவர்கள் கண்ட விடைதான் இந்த விவகாரத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது. யூட்டா மாகாணத்தின் பாலைவனத்தில் டக்வே என்னும் இடத்தில், 1943-ம் வருஷத்தில், ஜெர்மன் வீடுகளும் ஜப்பானிய வீடுகளும் கொண்ட இரண்டு கிராமங்களைக் கட்டினார்கள். கோட்டையோ, ஆயுதசாலையோ, துறைமுகமோ கட்டவில்லை. தொழிலாளிகள் குடியிருக்கும் வீடுகளைக் கட்டினார்கள். ஜெர்மன் வீடுகளுக்கு ஆலோசனை சொன்னவர் ஹிட்லரின் நாட்டை விட்டு ஓடிவர நேர்ந்த யூதச் சிற்பி எரிக் மெண்டல்ஸோன். ஜப்பானிய வீடுகளை வகுத்தவர் அன்டோனின் ரேமண்ட். இவர் 1919-ல் ஜப்பானுக்குப் போய் ஏறக்குறைய இருபது வருஷம் அங்கே தொழில் செய்து, அந்நாட்டு வீட்டின் அழகை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். எந்த மரம், எந்த இணைப்பு, எந்தப் பாய் என்று நுணுக்கமாக அறிந்தவர். அந்த அறிவு முழுவதும் அந்த வீட்டை எப்படி எரிப்பது என்பதற்குப் பயன்பட்டது. ஜப்பானிடம் தமக்கிருந்த பிரியத்தையும் மீறி இதைச் செய்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய சங்கடத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அவரை வேலைக்கு அமர்த்தியவர்களுக்கு அப்படியொரு சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வீடுகளில் மேஜை நாற்காலிகளையும் படுக்கைகளையும் போட்டார்கள். தரையில் ஜப்பானியப் பாய் விரித்தார்கள். மேலேயிருந்து குண்டு போட்டார்கள். எரியத் தொடங்கிய நெருப்பு ஆறு நிமிஷத்துக்குள் கைமீறிப் போகிறதா, இல்லையா என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். எரிந்ததைத் திரும்பக் கட்டி மறுபடியும் எரித்தார்கள். பலவகைக் குண்டுகளில் ஜப்பானிய வீட்டுக்கு மிகவும் ஏற்றது எம்-69 என்று தீர்ப்பாயிற்று. யுத்தத்தின் வெறியில், ஆத்திரத்தில், கண்மூடித்தனமாக நடந்த காரியம் என்று பிற்காலத்தில் சிலர் சமாதானம் சொன்னார்கள். பாய் விரித்துப் பரீட்சை செய்த காரியத்தை ஆத்திரம் என்று சொல்வது பொருந்துமா? டோக்கியோ எரிவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்பே அது நிதானமாக எரித்துப் பார்க்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நாம் மறைக்கப் போவதில்லை. நகரங்களின்மேல் தீ மழை பொழியும் கொடுமையை அமெரிக்கர் தொடங்கவில்லை. 1937 ஏப்ரல் 26-ந் தேதி ஸ்பெயினில் கெர்னிக்கா என்னும் ஊரை ஹிட்லரின் விமானிகளும் முஸோலினியின் விமானிகளும் குண்டு போட்டு எரித்தார்கள். 1939 மே 3, 4 தேதிகளில் சீனத்தின் யுத்த காலத் தலைநகரான சுங்கிங்கை ஜப்பானிய விமானங்கள் தீக்குண்டுகளால் கொளுத்தின, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். டோக்கியோவுக்காகக் கண்ணீர் விடுகிறவன் சுங்கிங்கை மறந்தால் அவன் கண்ணீருக்கு மதிப்பில்லை. அன்று இந்தக் கொடுமைகளைக் கண்டு அமெரிக்காவும் கொதித்தது. 1939 செப்டம்பர் 1-ந் தேதி ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட அன்றே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யுத்தத்தில் இறங்கும் நாடுகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அரணில்லாத நகரங்களையும் குடிமக்களையும் ஆகாயத்திலிருந்து தாக்குவதில்லை என்று எல்லோரும் பகிரங்கமாக உறுதி கூற வேண்டும் என்பது அந்த வேண்டுகோள். அதை விடுத்த கனவானின் சர்க்காரே நான்கு வருஷத்துக்குள் டக்வேயில் பாய் விரித்தது.

1945 மார்ச் 9-ந் தேதி நடுநிசிக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். மரியானாத் தீவுகளிலிருந்து கிளம்பிய பி-29 விமானங்களில் 279 டோக்கியோவை அடைந்தன. அதுவரையில் மிக உயரத்திலிருந்து தொழிற்சாலைகளைக் குறிவைத்த முறை பலிக்காததால், புதிதாக வந்த தளகர்த்தர் கர்டிஸ் லெமே விமானங்களை 5,000 முதல் 9,000 அடி உயரத்தில் இரவில் பறக்கச் சொன்னார். பாரத்தைக் குறைத்து அதிகக் குண்டு ஏற்றுவதற்காகத் துப்பாக்கிகளைக் கழற்றச் சொன்னார். குறித்த இடம் அஸாகுஸா, ஹோஞ்சோ, புக்காகாவா முதலிய ஏழைகளின் பேட்டைகள். சதுர மைலுக்கு ஒரு லட்சம் பேர் நெருங்கி வாழ்ந்த இடம். 1,665 டன் தீக்குண்டு விழுந்தது. அன்றிரவு பலத்த காற்று. ஸுமிதா நதிக்கு ஓடியவர்களும் பாலங்களில் ஏறியவர்களும் இரு கரையிலிருந்தும் வந்த நெருப்பின் நடுவே அகப்பட்டார்கள். விடிவதற்குள் சுமார் 16 சதுர மைல் சாம்பலாயிற்று. பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். மாண்டவர்களின் தொகை குறைந்த கணக்கில் 80,000-க்கு மேல். ஒரு லட்சம் என்பதே பெரும்பாலோர் மதிப்பு. பத்து நாளில் நகோயா, ஓஸாகா, கோபே நகரங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. பிறகு சில வாரங்கள் இந்தப் பெருந்தாக்குதல் ஓய்ந்தது. ஏன் தெரியுமா? இரக்கத்தினாலல்ல, கைவசம் இருந்த தீக்குண்டுகள் தீர்ந்துபோயின.

குண்டு போட்டவர்களை மட்டும் குற்றம் சொல்லி ஜப்பானிய ஆட்சியாளர்களை நாம் விட்டுவிட முடியாது. ஆகாயப் பாதுகாப்புச் சட்டத்தை 1941-ல் திருத்தி, குடிகள் ஊரை விட்டு ஓடாமல் நின்று நெருப்பை அணைக்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள். கையில் வாளியும், ஈரப் பாயும், மணல் மூட்டையும் கொடுத்தார்கள். நேபாம் தண்ணீருக்கு அடங்காது என்பதை அந்த ஏழைகள் எப்படி அறிவார்கள்? மேலே ஒரு சர்க்கார் எரித்தது. கீழே ஒரு சர்க்கார் ஓடாதே என்றது.

இந்தத் தாக்குதலால் யுத்தம் சீக்கிரம் முடிந்தது என்றும், ஜப்பானில் வீடுதோறும் சிறு பட்டறை இருந்ததால் வீடும் தொழிற்சாலையே என்றும் வாதிப்பவர்கள் உண்டு. சுங்கிங்கிலும் பட்டறைகள் இருந்தன. அங்கே குண்டு போட்ட ஜப்பானியனும் யுத்தத்தைச் சீக்கிரம் முடிக்கவே போட்டதாகச் சொல்லியிருப்பான். இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் எந்த நாட்டில் எந்த வீட்டை எரிக்கக்கூடாது? டோக்கியோவில் நிற்காத நெருப்பு சிறிய ஊர்களுக்கும் பரவியது. 1945 ஆகஸ்டு 1-ந் தேதி இரவு டோயாமா என்னும் நகரம் ஏறக்குறைய முழுவதுமே எரிந்துபோயிற்று. லெமேயின் கீழ்க் கணக்குப் பார்த்துப் பின்னாளில் அமெரிக்க யுத்த மந்திரியான ராபர்ட் மக்நமாரா, 2003-ல் வெளிவந்த ஒரு படத்தில், தோற்றிருந்தால் தங்களை யுத்தக் குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமேயே சொன்னதாகக் கூறினார். செய்தவர்களே அறிந்திருந்த உண்மையை அவர்களுக்காக வாதாடுகிறவர்கள் மறுப்பானேன்?

சட்டம் அப்போது எங்கே போயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டம் இருக்கத்தான் இருந்தது. 1868-ம் வருஷத்தில் ரஷ்ய சக்கரவர்த்தியின் அழைப்பின்பேரில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய அரசுகள், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிகுண்டையும் தீப்பற்றும் பொருள் அடைத்த குண்டையும் தங்களுக்குள் யுத்தத்தில் உபயோகிப்பதில்லை என்று பிரகடனம் செய்தன. சிப்பாயின் உடம்பில் பாய்ந்து அவனை வீணே வதைக்கும் தோட்டாவைத் தடுப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் அதற்கு மேற்பட்ட எடைக்கு வாய்ப்பூட்டு இல்லை. எம்-69 குழாயின் எடை ஏறக்குறைய 2,700 கிராம்! ஆயுதம் தரித்த சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு, படுக்கையில் கிடந்த குழந்தைக்குக் கிடைக்கவில்லை. ஆகாய யுத்தத்துக்கு 1923-ல் ஹேக் நகரில் வகுத்த விதிகளோ எந்த அரசாலும் ஒப்பந்தமாக ஏற்கப்படாமல் நகலாகவே நின்றுவிட்டன.

யுத்தம் முடிந்தபின் டோக்கியோவில் கூடிய சர்வதேச நீதிமன்றம், சீன நகரங்களை எரித்ததற்காக எந்த ஜப்பானியனையும் தண்டிக்கவில்லை. அந்தக் குற்றத்தைக் கையில் எடுத்தால் அது வென்றவர்களின் கையையும் சுடும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. அந்த மன்றத்தில் 1948-ல் தனித் தீர்ப்பு எழுதிய நம் நாட்டு நீதிபதி ராதா வினோத பாலர், வென்றவர்களின் அணுகுண்டைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். ஆனால் நான்கிங்கில் நடந்த அட்டூழியங்களை அவர் மறுத்தவரல்லர். அவருடைய தீர்ப்பைத் தங்கள் முன்னோர்களின் பழியைக் கழுவும் தீர்த்தமாக ஜப்பானியப் பிற்போக்காளர்கள் பிற்காலத்தில் உபயோகித்தது அந்தப் பெரியாருக்குச் செய்த மரியாதையாகாது.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1964-ல் ஜப்பானிய சர்க்கார் லெமேக்குத் தங்கள் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான உதயசூரிய விருதை அளித்தது. ஜப்பானின் புதிய விமானப் படையை அமைக்க உதவினாராம்! முன்னாள் ராணுவத்தாருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 1950-களின் தொடக்கத்திலிருந்து உபகாரச் சம்பளம் கிடைத்தது. எரிந்த பேட்டைகளின் ஜனங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களில் எஞ்சியவர்களும் உறவினரும் 2007-ல் தங்கள் சர்க்காரின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2009-ல் கீழ்க்கோர்ட்டு தள்ளியது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. எரித்தவருக்குப் பதக்கம், எரிந்தவருக்குக் கோர்ட்டுச் செலவு!

இனி எம்-69-க்கு வருவோம். அது வழக்கொழிந்தது மெய். குண்டைக் கைவிட்டவர்கள் அதன் கூழைக் கைவிடவில்லை. அது பெரிய கலன்களில் ஏறிக் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போயிற்று. 1972 ஜூன் 8-ந் தேதி டிராங் பாங் கிராமத்துச் சாலையில் உடல் வெந்து ஆடையின்றி ஓடிவந்த சிறுமியின் படத்தை உலகம் கண்ட பிறகுதான் அரசுகளின் மௌனம் கலையத் தொடங்கியது. 1980 அக்டோபரில் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. அதன் மூன்றாவது உடன்படிக்கை தீ ஆயுதங்களைப் பற்றியது. குடிமக்கள் நெருங்கி வாழும் இடத்திலுள்ள ராணுவ இலக்கை விமானத்திலிருந்து தீக்குண்டால் தாக்கக்கூடாது என்று அது சொல்கிறது. டோக்கியோ மாண்டு 35 வருஷம் கழித்து வந்தாலும், வந்தவரையில் லாபம் என்று சொல்லலாம். ஆனால் அதன் ஷரத்துகளைப் படித்துப் பாருங்கள். விமானத்திலிருந்து போட்டால் முழுத் தடை; அதே நெருப்பைப் பீரங்கியாலோ ராக்கெட்டாலோ தரையிலிருந்து எறிந்தால், சில நிபந்தனைகளுடன் இடமுண்டு. எரிப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு செய்த குண்டுதான் தீ ஆயுதம். புகைக்காகச் செய்த குண்டு தற்செயலாக எரித்தால் அது தீ ஆயுதமன்று! வெந்த உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இந்த ஓட்டைகள் வழியாக என்னென்ன நுழைந்தன என்பதையும் பார்ப்போம். அமெரிக்கா தன்னிடமிருந்த நேபாம் கலன்களில் கடைசியானவற்றை 2001-ல் அழித்து முடித்தது. இரண்டே வருஷத்தில், 2003-ல், ஈராக்கில் மார்க்-77 என்னும் தீக்குண்டை உபயோகித்தது. முதலில் நேபாம் உபயோகிக்கவில்லை என்று மறுத்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் வேறு எண்ணெய் கலந்ததால் பெயர் வேறு என்பது அவர்கள் தர்க்கம். தமக்கு அமெரிக்கர் தவறான தகவல் கொடுத்துவிட்டதாக பிரிட்டிஷ் மந்திரி ஆதம் இங்ராம் 2005-ல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2004-ல் பலூஜா நகரத்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை எதிரிகளின்மேல் பிரயோகித்ததையும் முதலில் மறுத்துப் பின்னர் 2005-ல் ஒப்பினார்கள். இந்த உடன்படிக்கையில் 2009-ல் அமெரிக்கா சேர்ந்தபோது, தீக்குண்டால் சேதம் குறையும் என்று தனக்குத் தோன்றினால் குடிமக்கள் நடுவிலுள்ள இலக்கின்மீதும் அதைப் போடும் உரிமை தனக்குண்டு என்று நிபந்தனை எழுதிச் சேர்ந்தது. கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது இதுதான். ரஷ்யாவும் இதற்குச் சளைத்ததன்று. 2014 முதல் உக்ரேனில் விழுந்த கிராட் ராக்கெட்டுகளில் ஒரு வகையினுள்ளே 180 ஆறுபட்டைத் தீத்துண்டுகள் அடைத்திருந்தன. தரையிலிருந்து எறிந்ததால் ஷரத்து வேறு! ஒரே கட்டில் பல துண்டுகள், ஆகாயத்தில் கட்டவிழ்ந்து சிதறுதல், ஆறுபட்டை வடிவம் — எம்-69-ன் அமைப்பு அப்படியே இருக்கிறது. எது வழக்கொழிந்தது என்று நாம் கேட்கிறோம்.

இந்த உடன்படிக்கையில் இந்தியா 1984-லேயே சேர்ந்த நாடு. ஆகவே ஜெனீவாவில் எழுந்து பேச நமக்குப் பாத்தியதை உண்டு. விமானம், பீரங்கி என்ற பேதத்தை எடுத்துவிட வேண்டும். செய்தவனின் நோக்கத்தைக் கேளாமல், விழுந்த இடத்தில் என்ன செய்தது என்பதைக்கொண்டு தீ ஆயுதத்தை வரையறுக்க வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களையும் நம் பிரதிநிதிகள் கொண்டுவர வேண்டும். வேறு யாராவது கொண்டுவரும் வரையில் காத்திருப்பது, மகாத்மாவின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு அழகன்று. ஜப்பானிய சர்க்காரும் தன் கோர்ட்டுகளின் பின்னால் ஒளியாமல், எரிந்த பேட்டைகளில் பிழைத்தவர்களுக்குச் சட்டசபை மூலம் நஷ்ட ஈடு வழங்க வேண்டும். அந்த இரவில் குழந்தைகளாக இருந்தவர்கள்கூட இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அது நடக்க வேண்டும்.